பின்னணியில் ஒருவன்

தும்பியின் இறக்கையைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். லேப்டாப் திரையில் நாணல் நுனியில் ஒரு சிவப்புத் தும்பி, இறக்கை முழுக்கப் பொடிப் பொடியாகப் பனி. அந்த வாரம் எடுத்ததில் இதுதான் உருப்படியான படம் என்று அவளுக்கே தெரிந்தது. ஓரத்தில் என்ன இருக்கிறதென்று நகர்த்திப் பார்த்தபோது, தூரத்து மரத்தடியில் மங்கலாக ஓர் ஆள் நின்றான். சாம்பல் நிற மழைக்கோட்டு. கோட்டோடு சேர்ந்த தொப்பி முகத்தை மூடியிருந்தது.

நடக்க வந்த யாரோ என்று அடுத்த படத்துக்குப் போனாள். அது வேறொரு நாள் எடுத்தது, கரையோரப் படகின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்த பூனை. படகுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், அதே சாம்பல் கோட்டு. வேகவேகமாக ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். தண்ணீரில் விழுந்திருந்த மேகம், பெஞ்சில் யாரோ மறந்துவிட்டுப் போன குழந்தைத் தொப்பி, எறும்பு வரிசை, கொக்கு. எல்லாப் படத்திலும் என்று இல்லை. ஆனால் பல படங்களில் அவன் இருந்தான். எப்போதும் அவளுக்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ, ஓடி வந்தால் எட்டிவிடுகிற தூரத்தில்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதற்கும் பதறாதவள். அன்றைக்குப் பதறினாள்.

"குட்டி, முதல்ல உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"சொன்னா போகாதேம்பார்க்கா."

"போகாதே! என்ன இப்போ? கொக்கு ஓடியா போயிடும்?"

கொக்கு ஓடாது. ஆனால் அவளுக்கு அந்தக் காலை நேரம் போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. போன வருஷம் ஏழு மாதக் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். பார்சல் கம்பெனி வேலைக்குப் போகவில்லை, தலை வாரவில்லை. ஒரு விடியற்காலை செருப்புகூட இல்லாமல் வெளியே போனவளை ரொட்டி வண்டிக்காரர் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவளும் திறந்ததில்லை.

அப்புறம்தான் தம்பி தன் பழைய கேமராவைக் கொண்டுவந்து, "எனக்குப் புதுசு வந்தாச்சு, நீ வெச்சுக்கோக்கா" என்று கட்டிலில் போட்டுவிட்டுப் போனான். அதில் அவள் எடுத்த முதல் படம் சமையலறைக் குழாயில் தொங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர். சொட்டுக்குள் ஜன்னல் தலைகீழாக இருந்தது. ஜன்னலுக்குள் அடுத்த வீட்டுக் கொடித்துணி. இத்தனை நாளும் இது இங்கேயேவா இருந்தது என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வந்து பசிக்கிறது என்று சொன்னாள். கணவர் அடுப்படிக்கு ஓடினார். முட்டை ஒன்று கைதவறி உடைந்தது.

மெல்ல வேலைக்கும் திரும்பினாள். டாக்டர் காலையில் நடக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. கணவர் தூங்கும்போதே எழுந்து கேமராவோடு ஏரிக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எங்கே லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் அழைப்பு.

திங்கள்கிழமை சாயங்காலம் அவர் இடது கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு வந்தார். லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டதாம். வீட்டில் பேண்டேஜ் இல்லை. அவள் தன் பழைய நீல நைட்டியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, ஏரிக்கரையில ஒருத்தன் என் பின்னாடியே வரான்."

விரல் அவள் கைக்குள் துள்ளியது.

"வலிக்குதா?"

"இல்ல. எப்படித் தெரியும்?"

"படத்துல இருக்கான். நிறையப் படத்துல."

"முகம் தெரியுதா?"

"தெரியல."

"அப்ப விடு. யாராவது நடக்க வர்றவனா இருக்கும்." பிறகு, "நீ வேணும்னா கொஞ்ச நாள் போகாம இரு" என்றார்.

வண்டி நிறுத்தும் இடத்துக்காக மாடி வீட்டுக்காரரோடு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போன மனுஷன், இதற்கு 'விடு' என்கிறாரே என்று அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் போகவே கூடாது என்றுதான் படுத்தாள். ஆனால் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. இருட்டில் எதிர்ச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். எங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, எங்கே ஆணி அடித்த ஓட்டை இருக்கிறது என்று எல்லாம் தெரியும். எழுந்துவிட்டாள். மிளகாய்ப் பொடியைக் காகிதத்தில் மடித்து, குளிருக்குப் போடும் ஜாக்கெட்டின் பையில் போட்டுக்கொண்டாள்.

ஏரிக்கரையில் அன்று ஆள் நடமாட்டம் குறைவு. பனி இறங்கித் தண்ணீரும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. ஆழமில்லாத இடத்தில் கொக்கு ஒன்று கழுத்தை உள்ளிழுத்து நின்றது. எப்போது வேண்டுமானாலும் கொத்தும். மண்டியிட்டு, விரலைப் பொத்தானில் வைத்து, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். பின்னால் காய்ந்த குச்சி ஒன்று முறிந்தது.

திரும்பவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவுமில்லை. கொக்கு கொத்திவிட்டுப் பறந்தே போய்விட்டது, அவள் அழுத்தவில்லை. பிறகு சட்டென்று கேமராவோடு சேர்ந்து திரும்பி, என்ன தெரிகிறதென்று பார்க்காமலேயே பொத்தானை அழுத்திப் பிடித்தாள். படபடவென்று படங்கள் விழுந்தன. சாம்பல் கோட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்தது. புதர் அசைந்தது. காலடிச் சத்தம் மேட்டின் மேல் ஏறி ஓய்ந்தது.

மிளகாய்ப் பொடியைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்தாள். முகம் விழவில்லை. ஒரு படத்தில் மட்டும் மரத்தண்டைப் பற்றியிருந்த கை தெளிவாக விழுந்திருந்தது. கட்டைவிரலில் நீலத் துணி.

முதலில் வந்தது நிம்மதிதான். உடம்பெல்லாம் லேசாகிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிம்மதி முழுதாக ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. சில வாரத்துக்கு முன் அவர் கேட்டது ஞாபகம் வந்தது. "காலையில அங்க யார்கிட்டயாவது பேசுவியா?" அவள் சிரித்துக்கொண்டே, "கொக்குகிட்ட" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஓஹோ, அதுதானா சங்கதி? அவள் எவனையோ பார்க்க வருகிறாளாம். அதைப் பிடிக்க ஐயா வீட்டில் அவள் பார்த்தேயிராத மழைக்கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஒளிகிறாராம்.

அன்று முழுக்க பார்சல் கம்பெனியில் பெட்டிகளைத் தப்புத் தப்பான வண்டியில் ஏற்றினாள். சாயங்காலம் அவர் வந்ததும் சாப்பாட்டுத் தட்டை ஓசையோடு வைத்தாள்.

"காலையில போனியா?"

"போனேன்."

"அந்த ஆள்?"

"இருந்தான்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவள் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள்.

"கட்டு அழுக்காயிடுச்சு. மாத்திடவா?"

"வேணாம்."

கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அன்று இரவு அக்கா போனில் கேட்டாள், "சொன்னியா? என்ன சொன்னார்?" "விடுன்னார்" என்றாள். "அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றே கிளம்பினாள். ஏரியின் கோடியில் மதகு இருக்கிறது. அதற்குப் போக இரண்டு பக்கமும் தண்ணீர் உள்ள குறுகிய பாதைதான், ஒளிய மரமில்லை. மதகுச் சுவர்மேல் நின்று திரும்பினால் வருகிறவர் அகப்பட்டே ஆக வேண்டும். நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்கு மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மதகை அடைந்தபோது சூரியன் அப்போதுதான் மேட்டைத் தாண்டியிருந்தது. சுவரின் விளிம்புக்குக் கீழே, இரண்டு துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே, ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. வலையெங்கும் பனி. வெளிச்சம் பட்டு ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குட்டிச் சூரியன் இருந்தது. நடுவில் சிலந்தி ஒரு காலை மட்டும் தூக்கி, எதையோ யோசிப்பதுபோல் நின்றது. கேட்க வந்த நான்கு வார்த்தையும் எங்கே போயிற்றோ. சுவரில் குப்புறப் படுத்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இடுப்புவரை வெளியே நீட்டி, கேமராவைக் கீழே இறக்கினாள். அடியில் தண்ணீர் கறுப்பாகச் சுழித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சிலந்தியின் கால் தெளிவாகத் தெரிந்தது. அழுத்தினாள்.

"வேணாம்! ஐயோ, வேணாம்டி!"

ஓடி வரும் சத்தம் கேட்டுத் தலை தூக்குவதற்குள் இரண்டு கைகள் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தன. இருவரும் பாதையில் உருண்டார்கள். கேமரா கல்லில் இடித்தது. முழங்கை தோல் உரிந்தது. அவர் அவளை விடவில்லை.

அவரைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "விடுங்க! பிடிச்சிட்டீங்களா? எங்கே அவன்? காட்டுங்க! யாரைப் பார்க்க வரேன்னு இத்தனை நாள் ஒளிஞ்சு நின்னு பார்த்தீங்களே, எங்கே?"

அவர் தரையில் உட்கார்ந்தபடியே விழித்தார். "யாரை?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்!"

"எவனையும் இல்லடி." அவர் எழுந்திருக்கவில்லை. "நீ... அன்னைக்கு ரொட்டி வண்டிக்காரர் உன்னைக் கூட்டிட்டு வந்தாரே. எங்கேயிருந்துன்னு உன்கிட்ட யாரும் சொல்லல. கால்வாய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல நீ உட்கார்ந்திருந்தியாம். காலை வெளிப்பக்கம் தொங்கப் போட்டுக்கிட்டு."

அவள் மதகுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சத்தமில்லாம கதவைத் திறக்கிறப்ப எல்லாம் எனக்கு அந்த விடியற்காலைதான் கண்ணு முன்னால வரும். தூங்கற மாதிரி படுத்திருப்பேன். நீ போனதும் பின்னாலயே வருவேன். நீ தண்ணி பக்கம் குனியறப்ப எல்லாம் எனக்கு உசுரு போயிட்டு வரும். கேமரா இருக்கு, நீ படம்தான் எடுக்கறேன்னு புத்திக்குத் தெரியுது. கால் கேட்க மாட்டேங்குது."

அவர் அழுதுகொண்டிருந்தார். இதற்குமுன் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. குழந்தை போனபோதுகூட அவளுக்கு முன்னால் அழாதவர். தண்ணீரில் மேகத்தை எடுத்த காலை அவளுக்கு நினைவு வந்தது. கரை விளிம்பில் வெகு நேரம் குனிந்து கிடந்து, எழுந்தபோது தனக்குத்தானே சிரித்துக்கொண்ட நாள். அவ்வளவு நேரமும் இவர் பின்னால் நின்றிருக்கிறார்.

கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் பாலத்துக்கு எதுக்குப் போனேன்னு சத்தியமா எனக்கே தெரியாதுங்க" என்றாள். முதல் தடவையாகச் சொன்னாள். "உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கு. குளிர்ந்தது. அவ்வளவுதான். இங்க எதுக்கு வரேன்னு நல்லாத் தெரியும். இப்போ நான் சாகப் போகல. சிலந்தி எடுக்கப் போனேன்."

"சிலந்தியா?"

கேமராவைத் துடைத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். லென்ஸ் ஓரத்தில் கீறல், மற்றபடி திரை எரிந்தது. படத்தைக் காட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரையை முகத்துக்கு நெருக்கிப் பார்த்தார்.

"இதுக்கா தலைகீழாத் தொங்கின?"

"இதுக்குத்தான்."

மறுபடி பார்த்தார். "ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது" என்றார்.

"என் பின்னால இனிமே வரக் கூடாது" என்றாள். "கேட்கணும்னா என்னைக் கேளுங்க. பயமா இருந்தாலும் சொல்லுங்க. ஒளிஞ்சு மட்டும் நிக்காதீங்க. எவனோ ஒருத்தன்னு நினைச்சு நான் செத்துப் பிழைச்சேன்."

ஜாக்கெட் பையிலிருந்த மிளகாய்ப் பொடியை எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வரமாட்டேன்னு சொல்றது சுலபம். நீ திரும்பி வர்ற வரைக்கும் வீட்ல எப்படி இருக்கிறது?"

கடைசியில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு படம் அனுப்புவது என்று பேசி முடித்தார்கள். எது கண்ணில் பட்டாலும் சரி, ஒன்று.

அந்த வாரம் அனுப்பினாள். பாதி திறந்த கடை ஷட்டருக்கு அடியில் கால்கள், ஈரப் பெஞ்சில் ஒரு இலை, நடைபாதை கூட்டுகிறவரின் துடைப்பத்தில் ஒட்டிய இறகு. அவரிடமிருந்து "ம்" என்று மட்டும் வரும். அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், தாய்ப் பறவைக்குப் பின்னால் ஏழெட்டுக் குஞ்சுகள் நாணலுக்குள்ளிருந்து வரிசையாக நீந்தி வந்தன. எல்லாம் மறந்துவிட்டது. வீட்டுக்குப் பாதி வழியில்தான் போன் ஞாபகமே வந்தது. பார்த்தாள். அவரிடமிருந்து அழைப்பு ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளை ஓட வைத்தது.

வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகியிருந்தது. அவர் ஹெல்மெட்டோடு அதன்மேல் உட்கார்ந்திருந்தார், கால்கள் தரையில். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாரோ. வேலைக்கு எப்போதோ நேரமாகிவிட்டது.

"மறந்துட்டேங்க" என்றாள் மூச்சு வாங்க.

"தெரியும். நீ மறந்திருப்பேன்னுதான் எனக்கே சொல்லிக்கிட்டேன்." சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். "கிளம்பல பாரு. ஸ்டார்ட் பண்ணினேன், ஆனா கிளம்பல."

அவள் கேமராவை அவரிடம் நீட்டினாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே குனிந்து, குஞ்சுகளை விரலால் எண்ண ஆரம்பித்தார்.