நாற்பத்தொரு படிவங்கள்

பருவ முடிவில் மாணவர்கள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பத்துக் கேள்விகளில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். அந்தப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இந்த முறை என் மனைவிக்கான படிவக் கட்டும் வந்தது. இதே கல்லூரியில் புள்ளியியல் நடத்தினாள். பாடம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது இறந்தாள்.

நாற்பத்திரண்டு படிவங்கள். நாற்பத்தொன்றில் மேலிருந்து கீழ்வரை ஐந்து. 'பாடத்திட்டத்தை முடித்தாரா?' அதற்கும் ஐந்து.

பத்துக்கும் ஒரே எண் இருந்தால் படிவம் செல்லாது. அந்த விதியை எழுதியவள் அவள்தான். மாணவர் மதிப்பீடுதான் அவளுடைய ஆய்வு. "கோபத்துல ஒண்ணு போடுறதும், பாவம் பார்த்து அஞ்சு போடுறதும் ஒண்ணுதான். ரெண்டுலயும் நான் இல்லை" என்பாள்.

துறைத் தலைவி என் மேசைக்கே வந்தார்.

"ஏத்தியாச்சா தம்பி? இந்த வருஷம் நல்லாசிரியர் விருது அவளுக்குத்தான். அஞ்சுக்கு அஞ்சு. எவன் வாயைத் திறப்பான்?"

"நாப்பத்தொண்ணு செல்லாது மேடம்."

"விதியெல்லாம் உயிரோட இருக்கறவங்களுக்குப்பா." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "உங்க மாமியார் மேடைக்கு வரேன்னு சொல்லியிருக்காங்க. அந்தம்மா முகத்துக்காகவாவது..."

அத்தை புடவைகூட எடுத்து வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த ஒரு படிவத்தை நீட்டினேன். ஐந்து, நான்கு, ஐந்து, இரண்டு. பாடத்திட்டத்துக்கு ஒன்று. கீழே பென்சிலில்: 'மேடம் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அவரே சொல்லிவிடுகிறார். பல தடவை எனக்குப் பதில் தெரிந்திருந்தது.'

"கிழிச்சுப் போடுங்க இதை. யாரு பெத்த பிள்ளையோ, நெஞ்சுல ஈரமே இல்லை."

"வீட்லயும் அப்படித்தான் மேடம். காபி வேணுமான்னு கேப்பா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேணாம்னு அவளே சொல்லிடுவா."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இது ஒண்ணுலதான் அவ இருக்கா" என்றேன்.

"உங்க அத்தைகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அவர் போனார். நாற்பத்தொரு தடவை 'செல்லாது' என்று அழுத்தினேன். நாற்பத்திரண்டாவதை எண் எண்ணாக ஏற்றினேன். பென்சில் வரிகளையும் தட்டினேன். செல்லும் படிவங்கள் பத்துக்குக் குறைவு, மதிப்பீடு வழங்க இயலாது என்றது திரை.

பிறகு அத்தையைப் போனில் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. விழாவுக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தை காத்திருந்தார்.