கீழ்க்கட்டிலுக்கு நான்கு வாரச் சமையல்

பதினேழாம் நம்பர் அறையில் ஒரு கீழ்க்கட்டில் காலியானது. துபாய் ஜெபல் அலி லேபர் கேம்ப்பில் அது லேசுப்பட்ட சங்கதியா? அழகுமலை, சரவணகுமார், கௌரிசங்கர், காதர் மைதீன் என்று மேல்கட்டில்காரர்கள் நால்வருக்கும் அதன்மேல் கண். அழகுமலைக்கு மட்டும் அது ஆசையில்லை, அவசரம். வேர்ஹவுஸில் பன்னிரண்டு வருடம் பெட்டி தூக்கியதில் வலது முட்டி தேய்ந்துபோய், ஏணி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. ஃபோர்மேன் காதில் விழுந்தால் கான்ட்ராக்ட் கலாஸ். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"போக்கர் ஆடுவோம். ஜெயிச்சவருக்குக் கட்டில்" என்றான் சரவணகுமார். போனில் ஆடிப் பழகியவன். காசு வைத்தால் போலீஸ் வருமென்று ஆளுக்கு ஐம்பது கொண்டைக்கடலை.

"கடலை தீந்தா அவுட்டா?" என்றார் அழகுமலை.

"ரீ-என்ட்ரி உண்டுண்ணே. புதுசா அம்பது கடலை வாங்கிட்டு வரலாம். ஆனா ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வாரம் ரூமுக்கே சமைக்கணும்."

"எத்தன தடவ வரலாம்?"

"எத்தன தடவ வேணாலும்!"

சமையல் முறை வந்தாலே சரவணகுமாருக்குத் தலைவலி வந்துவிடும். எவனாவது மாட்டுவான், மாதக்கணக்கில் உட்கார்ந்து தின்னலாம் என்று திட்டம். மாட்டப்போவது யார் என்றுதான் யோசிக்கவில்லை, பாவி!

லீவு நாள் மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. முதலில் தோற்றவன் சரவணகுமாரே. சமைக்கப் பயந்து பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அடுத்து அழகுமலை. "இன்னொரு அம்பது போடு" என்றார் கூசாமல். திரும்ப வரலாம் என்ற தைரியம் வந்ததும் பயம் விட்டுப்போயிற்று. உதவாத சீட்டு வந்தாலும் மொத்தக் கடலையையும் நடுவில் தள்ளினார். தோற்றார். தள்ளினார். மறுபடி தோற்றார்.

கௌரிசங்கருக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரு தடவகூட சாகாம பாத்துப் பாத்து ஆடுறேன். இவரு நாலு தடவ செத்து எந்திரிச்சு வர்றாரு. இது என்னய்யா நியாயம்?"

"ரூல் தம்பி, ரூல்" என்று சிரித்தார் அழகுமலை. "இதுவும் போனா அஞ்சாவது வாரம். எனக்கென்ன?"

அப்போதுதான் காதர் மைதீன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். அறையிலேயே கைப்பக்குவம் உள்ளவர் அவர்தான். அழகுமலையின் புளிக்குழம்பைத் தின்றுவிட்டு இரண்டு பேர் டியூட்டிக்குப் போகாமல் கிடந்தது போன மாதம்தான். காதர் கௌரிசங்கரைப் பார்த்தார். கௌரிசங்கர் எச்சில் விழுங்கினான்.

அதற்கப்புறம் அழகுமலைக்கு அடித்தது யோகம். அவர் கடலையைத் தள்ளத் தள்ள, இருவரும் சீட்டை எறிந்தார்கள். என் முகத்தைப் பார்த்தே நடுங்குறானுங்க என்று அவருக்கு உள்ளூர ஒரே பெருமை. சாயங்காலத்துக்குள் கடலை எல்லாம் அவர் பக்கம் குவிந்தது. கடைசியில் கௌரிசங்கரும் சீட்டைக் கவிழ்த்தான். "போதும்ணே. கட்டில் உங்களுக்கே."

சீட்டை அடுக்கும்போது கௌரிசங்கர் கவிழ்த்ததை அழகுமலை புரட்டிப் பார்த்தார். இரண்டும் ஏஸ்.

"ஏலே, இத வெச்சுக்கிட்டு எவனாச்சும் தூக்கி எறிவானா?"

"உங்க புளிக்குழம்ப அஞ்சு வாரம் திங்கிறதுக்கு ஆளில்லண்ணே" என்றார் காதர். அறையே சிரித்தது. அழகுமலையும் சிரித்தார், உள்ளுக்குள் சுருக்கென்றாலும்.

கௌரிசங்கர் மேலேறி அவர் படுக்கையைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்தான். கூடவே தலையணைக்கடியில் இருந்த வலித் தைலமும் வந்தது. அழகுமலைக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"மூணாவது படியில நின்னு மூச்சு வாங்குறது எங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்று மெதுவாகச் சொன்னான். "நீங்களா கேப்பீங்கன்னு பாத்தோம்."

அவர் தைலத்தை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். சமாளித்துக்கொண்டு எழுந்தார். "அது கிடக்கட்டும். வாக்குன்னா வாக்கு. நாலு வாரம் நான்தான் சமைப்பேன்."

"ஐயோ, மாஃபி! மாஃபி! வேணவே வேணாம்ணே!" என்று கட்டிலிலிருந்து குதித்தான் சரவணகுமார்.

அடுப்பு காதருக்கு, வெங்காயம் நறுக்குவது அழகுமலைக்கு என்று பேசி முடித்தார்கள். அவர் கத்தியோடு கிச்சனில் போய் நின்றார். பின்னாலேயே காதர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காந்து நறுக்கணும்ணே. நின்னு நறுக்குனா கணக்குல சேராது. புது ரூல்."