வாயில் பழ வாசனை

மூன்று வாரமாக என் வீட்டுக்காரருக்குக் குமட்டல். பல் துலக்கினால் குமட்டல், தட்டைப் பார்த்தால் குமட்டல். அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். "மை வாடைதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக முகர்ந்த மை இப்போதுதான் உறைத்ததாம். சர்க்கரை டாக்டர் அப்படி நினைக்கவில்லை. புது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், இரைப்பை மந்தமாகியிருக்கலாம், சிறுநீரகத்தையும் பார்த்துவிடலாம் என்று டெஸ்ட் எழுதித் தந்தார். "ஆர்டர் முடியட்டும், போறேன்" என்று இவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தின்றதெல்லாம் வெளியே வந்தது. தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்தவரை நான்தான் தடுத்தேன்.

"சாப்பாடே உள்ள தங்கல, ஊசி எதுக்கு? சர்க்கரை இறங்கி எங்கயாவது விழுந்து வைக்கப்போறீங்க."

"சரி, நீ சொன்னா சரி."

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்காத மனுஷன், அன்றைக்குப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் காலை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வாயில் பழ வாசனை, கனிந்து அழுகப்போகிற பழம் மாதிரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் ஆக்கினா குமட்டுது, திருட்டுத்தனமா தின்னா மட்டும் இனிக்குதோ?"

"சத்தியமா சாப்பிடலடி."

நான் நம்பவில்லை. அவர் பை, கட்டிலடி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் கிளறினேன். ஒரு தோல்கூட இல்லை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசாமலே இருந்தேன். அறைக்குள் அவர் பெரிய பெரிய மூச்சாக விடுவது கேட்டது. என் காதில் விழட்டும் என்றுதான் விடுகிறார் என்று நினைத்தேன்.

நாத்தனார் வந்து, "அண்ணா" என்று உலுக்கியபோது அவர் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் முகத்தருகே குனிந்தாள். உடனே நிமிர்ந்தாள்.

"ஊசி போட்டு எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள். சாப்பிடலையேன்னு நான்தான் வேணாம்னேன். ஆனா வாயில பழ வாசனை அடிச்சுதே."

"வாந்தி எடுத்தாலும் டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாதும்மா. இது பழ வாசனை இல்ல. இன்சுலின் இல்லாம ரத்தம் அமிலமாயிடுச்சு. அதோட வாசனை."

கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. என் கையில் அவர் சட்டை, பையில் அந்த டெஸ்ட் சீட்டு, மடித்த மடிப்புக் கலையாமல். பாவி நான், ஒரு பகல் முழுக்க அந்த மனுஷனைத் தனியாக விட்டேன். "சத்தியமா சாப்பிடலடி" என்றாரே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.