ஆணியில் தொங்கிய நம்பர் பிளேட்

"சேஸிஸ் நம்பரை டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்கப்பா," என்றாள் ஜோஸ்லின், சர்வ சாதாரணமாக.

பாக்கியநாதன் கையிலிருந்த டீ டம்ளர் உதட்டுக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது.

"யாரு பார்ப்பாங்க?"

"ஸ்கிராப் பண்ற இடத்துலதான். ஆர்.சி. புக்குல இருக்கிற நம்பரும், வண்டிக்கு அடியில அடிச்சிருக்கிற நம்பரும் ஒத்துப் போகோணும். அப்புறம் அந்த நம்பர் இருக்கிற இரும்பை மட்டும் துண்டா வெட்டி ஆறு மாசம் பத்திரமா வச்சிருப்பாங்க. யூசுப் மாமா ஜீப்புக்கு நான்தானே ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டேன்? நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"காயலான் கடையில தூக்கிப் போடறதுக்கு இத்தனை அலப்பறையா?"

"காயலான் கடையில போட்டா சர்டிபிகேட் குடுப்பாங்களா? அங்கீகாரம் வாங்குன இடத்துல ஒப்படைச்சாத்தான் மாமா எடுக்கப் போற புது வேனுக்கு வரியில தள்ளுபடி. நம்பர் மட்டும் மாறியிருந்துச்சு, போலீஸ்தான்."

மகள் செல்போனோடு எழுந்து போனாள். பாக்கியநாதனுக்குள் தூங்கிக் கிடந்த ஒரு பழைய குற்றம் புரண்டு படுத்தது.

பத்து வருடங்களுக்கு முன் ஒரு காபி எஸ்டேட் ஏலத்தில் இரண்டு ஜீப்புகள் வந்தன. ஒரே வருட மாடல், ஒரே பச்சை நிறம், ஒரு சாவியே இரண்டுக்கும் சேரும். மாரமங்கலத்திலிருந்து காபியும் மிளகும் ஏற்றி வர ஒன்றைப் பாக்கியநாதன் எடுத்தார். ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முகமது யூசுப் மற்றதை எடுத்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாக்கியநாதனுக்கு உறுத்தல் ஆரம்பித்துவிட்டது. மலைப்பாதையின் ஏழாவது வளைவில் தன் ஜீப் மூச்சு வாங்கி நிற்க, யூசுப்பின் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை!

அந்தச் சமயத்தில்தான் இரண்டு வண்டிகளும் வெள்ளை பெயின்ட் அடிக்கக் காளியப்பனின் பட்டறைக்கு ஒன்றாகப் போயின. சீட்டும் படுதாவும் கழற்றி, பெயின்ட்டும் அடித்த பிறகு பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நம்பர் பிளேட்டுகளைக் கழற்றிச் சுவரில் இரண்டு ஆணிகளில் மாட்டியிருந்தார் காளியப்பன். இடது ஆணியில் இருப்பது இடப்பக்க வண்டிக்கு, வலது ஆணியில் இருப்பது வலப்பக்க வண்டிக்கு.

மத்தியானம். காளியப்பன் சாப்பிடப் போயிருந்தார். பட்டறையில் ஈ காக்கை இல்லை. பாக்கியநாதன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இந்த ஆணியில் இருந்ததை அந்த ஆணிக்கு, அந்த ஆணியில் இருந்ததை இந்த ஆணிக்கு. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் யூசுப்பின் ஜீப் அவருடையதாகிவிட்டது. அடேயப்பா, என்ன இழுவை! "எங்க வண்டி மாதிரி ஏறுற வண்டி இந்தச் சேர்வராயன் மலையிலயே இல்லீங்க" என்று பத்து வருடமாக எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆர்.சி. புதுப்பித்தபோதும் மாட்டவில்லை. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேஸிஸ் நம்பரைப் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும்தான். ஆனால் புரோக்கர் செல்லப்பன் ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு அடியில் படுக்கிற ஆளா? ஏலத்தன்றே இரண்டு வண்டிக்கும் பத்துப் பத்துப் பிரிண்ட் தேய்த்து டைரிக்குள் சொருகி வைத்திருந்தார்.

நாளைக்கு டார்ச் அடிக்கப் போகிறவர்களிடம் செல்லப்பனின் டைரி செல்லாது. யூசுப்பின் ஜீப்புக்கு அடியில் பாக்கியநாதனின் நம்பர் பல்லிளிக்கும். ஜீப் போகும், மாதா கோயில் கமிட்டிச் செயலாளர் பதவி போகும், பாயின் முகத்தில் இனி முழிக்கவும் முடியாது.

சாயங்காலமே யூசுப்பின் கடைக்கு ஓடினார்.

"ஏனுங்க பாய், அந்த வண்டியை எதுக்குங்க அழிக்கறீங்க? நொம்ப நல்ல வண்டியாச்சுங்களே!"

யூசுப் பருப்பு அளந்த கையை நிறுத்தினார். "போன வாரம் தகர டப்பான்னு சொன்னீங்களேங்கண்ணா?"

"பாசத்துல சொன்னதுங்க. ஊட்டுக்குப் பின்னால நிறுத்தி வைங்க. கோழி அடைக்கலாம்."

"அடைக்கலாமுங்களா?" யூசுப்பின் குரலில் திடீரென்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது.

உள்ளேயிருந்து யூசுப்பின் மனைவி கதீஜாவின் குரல் பாய்ந்து வந்தது. "கோழிக்கு ஜீப்பு, எனக்கு மழை ஒழுகாத ஒரு வேன் கிடையாதுங்களா? அண்ணா, நாளைக்கு நீங்களும் உங்க ஜீப்புல பின்னாலேயே போங்க. இவரு திரும்பி வரோணுமில்ல?"

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

மறுநாள் காலை. முன்னால் யூசுப், பின்னால் பாக்கியநாதன். சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவில் ஹாரன் அடித்து நிறுத்திச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அதைப் பதினெட்டுக்குத் தள்ளிப் போட்டார். பதினைந்தும் போனது. பதினொன்றில் யூசுப்பே வண்டியை ஓரம் கட்டினார். பிரேக் சூடாம்.

"பாய், ஒண்ணு சொல்லோணுமுங்க."

"நானும் ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேனுங்கண்ணா."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"சேச்சே, நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க."

மதில் மேல் குரங்கு ஒன்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பிரேக்கு ஆறிருச்சுங்களான்னு கேக்க வந்தேன்," என்றார் பாக்கியநாதன்.

"ஆறிருச்சுங்க. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

ஸ்கிராப் மையம் சேலத்தைத் தாண்டிப் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. அங்கே தலையில் ஹெல்மெட்டும் கையில் டார்ச்சுமாக வந்த பெண் தன்னை வனிதா என்று சொல்லிக்கொண்டாள். ஆர்.சி. புக்கை வாங்கினாள். பேட்டரியைக் கழற்றச் சொன்னாள். பிறகு, சினிமா பார்க்க உட்காருகிறவள் போல நிதானமாகக் குனிந்து, சட்டத்தில் படிந்திருந்த கிரீசைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

பாக்கியநாதன் மறுபடியும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பக்கத்தில் யூசுப்பின் நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. பாவம், வண்டியைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வனிதா ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். புக்கைப் பார்த்தாள். மறுபடி டார்ச் அடித்தாள். எழுந்து நின்றாள்.

"சரியா இருக்குதுங்க."

"எப்படிங்க சரியா இருக்கும்?"

கேட்டது ஒரு குரல் அல்ல, இரண்டு.

வனிதா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, சரியா இருக்கக் கூடாதுங்களா?"

பாக்கியநாதன் யூசுப்பைப் பார்த்தார். யூசுப் பாக்கியநாதனைப் பார்த்தார். பார்வையிலேயே பத்து வருடம் ஓடி முடிந்தது.

"நீங்க எப்பங்க?" பாக்கியநாதனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"காலையிலங்க. காளியப்பன் டீ குடிக்கப் போனப்ப. பனியிலகூட உங்க வண்டி ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகும், எனக்கு வயிறு எரிஞ்சுது. நீங்க?"

"மத்தியானம். அவரு சாப்பிடப் போனப்ப."

"அப்ப நான் மாத்தி மாட்டுனதை..."

"நான் திருப்பி மாட்டியிருக்கேனுங்க."

யூசுப் தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்து வருசமா உங்க வண்டியை ஓட்டறேன்னு பயந்து பயந்து எங்க வண்டியையே ஓட்டியிருக்கேனுங்களே!"

"நான் மட்டும்? உங்க வண்டின்னு நெனச்சு எங்க வண்டியை மலை பூராப் புகழ்ந்திருக்கேன்!"

வனிதா காகிதத்தை நீட்டினாள். "யாரு வண்டின்னு முடிவாயிருச்சுன்னா கையெழுத்துப் போடுங்க சார். இந்த நம்பரை வெட்டி ஆறு மாசம் வச்சிருப்போம். அதுக்குள்ள சந்தேகம் வந்தா வந்து கேளுங்க."

திரும்புகையில் யூசுப் பக்கத்து சீட்டில் சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழாவது வளைவு வந்தது. பத்து வருடமாக இரண்டாவது கியரிலேயே பறந்து ஏறிய வளைவு. இன்றைக்கு என்னவோ இன்ஜின் முனகுவது பாக்கியநாதனின் காதில் விழுந்தது. கை தானாக முதல் கியருக்குப் போனது.

"என்னங்கண்ணா, சேர்வராயன் மலையிலயே இல்லாத வண்டிக்கு மூச்சு வாங்குது?"

"நீங்க ஏறுன பாரமுங்க."

பின்னாலிருந்து ஹாரன் சத்தம். ஒரு வெள்ளை ஜீப் அவர்களைச் சர்ரென்று தாண்டி, வளைவில் திரும்பி மறைந்தது. இருவரும் கழுத்தை நீட்டி அதன் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்கள்.

பாக்கியநாதன் மறுபடி இரண்டாவது கியரைப் போட்டுப் பார்த்தார்; வண்டி முனகியது.

"பாய்," என்றார் பாக்கியநாதன் மெதுவாக, "காளியப்பன் இன்னும் பெயின்ட் அடிக்கறாருங்களா?"