பார்வையாளர் ஜெயசுதா

ஜவ்வாது மலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவ நிலையத்துக்கு ஒரே நர்ஸ், ஜெயசுதா. கர்ப்பிணிகளைச் சோதிப்பதும், ரத்தம் எடுப்பதும், பிரசவம் பார்ப்பதும் அவள்தான். அதனால்தானோ என்னவோ, கர்ப்பிணிகள் பதிவேட்டில் எழுத அவளுக்கு மட்டும் அனுமதி இல்லை.

பதிவேடு கம்ப்யூட்டருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. பதிந்த உடனே அது செங்கத்தில் உள்ள அறக்கட்டளையின் ஆஸ்பத்திரியிலும் தெரியும். முன்பெல்லாம் பேனா வைத்திருப்பவர் யாரும் நோட்டில் எழுதிவிடலாம். அந்த அநாகரிகம் ஒழிந்தது. இப்போது ஜெயசுதா விவரங்களைத் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புவாள். செங்கம் அலுவலகத்தில் யாருக்காவது பொழுது போகாதபோது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

அப்படி ஏற்றியவர்கள் வடிவு என்ற பெண்ணின் ஓ நெகட்டிவ் ரத்தத்தை ஓ பாசிட்டிவ் ஆக்கியிருந்தார்கள். பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். நெகட்டிவ் ரத்தம் சுலபத்தில் கிடைக்காது, முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். ஜெயசுதா திருத்தப் போனாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

அலுவலக மேலாளர் சிவசங்கருக்குப் போன் போட்டாள்.

"சார், வடிவுக்கு நெகட்டிவ்ங்க. பாசிட்டிவ்னு ஏத்தி வச்சிக்கிறாங்க. கொஞ்சம் மாத்துங்க."

"வாயால சொன்னா மாத்த முடியுமாம்மா? பதிவேட்டுலயே திருத்தக் கோரிக்கைன்னு ஒரு பக்கம் கீது. அதுல போடு."

"அந்தப் பக்கமும் தொறக்கலைங்க."

"தொறக்கலைன்னு அதுலயே ஒரு புகார் போடும்மா."

மூன்று நாள் இதே பேச்சு நடந்தது. நான்காம் நாள் ஜெயசுதா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு காலை பஸ்ஸில் செங்கம் இறங்கினாள். சிவசங்கரின் மேஜை முன் நின்றவள் நகரவில்லை. கடைசியில் அவர், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்.

தீர்த்தகிரி அனுமதிப் பட்டியலைத் திறந்தான். முழு உரிமை உள்ளவர்கள்: அறக்கட்டளைத் தலைவர் ராஜாக்கண்ணு, அவர் மனைவி, அவர் மைத்துனர், மைக் செட் வாடகைக்கு விட்டவர்.

"இவங்கள்லாம் எதுக்கு?" என்றாள் ஜெயசுதா.

"பதிவேட்டுத் தொறப்பு விழா அன்னிக்கு மேடைல இருந்தவங்க எல்லாருக்கும் குடுத்தாங்க. நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"ரெண்டு பிரசவம்."

"அதான் உங்களப் பார்வையாளர் குழுவுல போட்டுட்டாங்க."

அவளை ஊழியர் குழுவில் சேர்த்தான். அப்போதும் எழுத முடியவில்லை. தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான்.

"பார்வையாளருக்கு எழுதத் தடை போட்டு வச்சிக்கிறாங்க. பத்து குழுவுல அனுமதி இருந்தாலும் ஒண்ணுல தடை இருந்தா தடைதாங்க ஜெயிக்கும்."

"அதுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு? சாரே போதுமே."

சிவசங்கருக்கு அவசரமாக ஒரு கோப்பு தேவைப்பட்டது. குனிந்துகொண்டார்.

பார்வையாளர் குழுவிலிருந்து அவள் பெயரை நீக்கி, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொன்னான் தீர்த்தகிரி. பக்கம் திறந்தது. ஜெயசுதா பாசிட்டிவை அழித்து நெகட்டிவ் என்று அடித்தாள். பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. சீட்டைப் படித்துக் காட்டினாள். வேலூர் ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள்.

கையோடு மேடைக்காரர்களின் உரிமையையும் தீர்த்தகிரி எடுத்துவிட்டான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்காத ராஜாக்கண்ணுவுக்கு, உரிமை போன செய்தி மட்டும் அரை மணியில் எட்டிவிட்டது.

"என் பதிவேட்டுல எனக்கே எடம் இல்லையா?" என்று போனில் கத்தினார்.

தீர்த்தகிரி பணிவாக, "உங்களுக்குத் தனி எடம் போட்டுக் குடுத்துட்டேங்கய்யா. உங்க போட்டோ இருக்கற மொதப் பக்கம். வேற யாரும் அதுல கைவைக்க முடியாது" என்றான்.

தலைவருக்குப் பரம திருப்தி.

செங்கம் ஆஸ்பத்திரியில் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு அதிகம்; இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. வேலூர் ரத்தம் முந்தின நாளே வந்து தயாராக இருந்தது. செய்தி கேட்ட பிறகுதான் ஜெயசுதாவுக்குச் சோறு இறங்கியது.

அதன்பின் பதிவேட்டை முதலிலிருந்து சரிபார்த்தாள். பதினோரு தவறுகள். பத்தைத் திருத்தினாள். பதினொன்றாவது, சாமை விதைக்கும் வேடியப்பன், வயது ஐம்பத்தெட்டு, ஆறு மாதக் கர்ப்பம்.

நீக்கும் முன் அவருக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஒடம்பு எப்டி கீது?"

"முட்டிதான் வலிக்குது. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாதான் மாமா. பளு தூக்காதீங்க."