பிரியாவிடை முடிந்து பதினோராம் நாள்

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவேயில்லை. கொழும்பிலிருந்து வரும் ஒரு மாத இதழ் 'ஒரு வேலையில் எத்தனை வருடம் இருக்கலாம்?' என்று கட்டுரை கேட்டது. இளைஞர்களுக்குப் பயன்பட வேண்டுமாம், இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாதாம். நான் கற்பிட்டியில் ஓர் ஐஸ் கொம்பனியில் ஆறு வருடம் டெலிபோன் எடுத்து, பில் எழுதியவள். இடைக்கிடை பத்திரிகையில் நிஃப்லா என்று என் பெயர் வரும். இவளுக்கு இதெல்லாம் தெரியும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவரின் வாய்க்குச் சீனி போட வேண்டும்.

கட்டுரையின் முதல் வரி இது: 'ஒரே வேலையில் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர் வளர்வதில்லை, அவர்—'

அந்த 'அவர்' இப்போது வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறார். கட்டுரை அதோடு நின்றுவிட்டது.

2

சரி, கதையாகவே தொடங்குவோம்.

'கற்பிட்டிக் கடல்மேல் காலைச் சூரியன்—'

வேண்டாம். எங்கள் கந்தோர் அறைக்கு யன்னலே கிடையாது.

'1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த ஹயாத்து முகம்மது—'

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வீர்கள். பிறகு அவர் விடுகிற பகிடி ஒன்றும் உங்கள் காதில் ஏறாது.

நேராகச் சொல்கிறேன். ஹயாத்து நானா எங்கள் கொம்பனியின் சுப்பவைசர். ஊருக்குத் திரும்பும்வரை சும்மா இருக்கக்கூடாதே என்று 1996இல் மூன்று மாதத்துக்குச் சேர்ந்தவர். அந்த மூன்று மாதம் பத்தொன்பது வருடம் ஓடியது. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும், இந்த நோன்போடு வேலையை நிப்பாட்டிவிடுவேன் என்று சொல்லத் தொடங்கினார். ஆறு நோன்பு போனது. மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினால், இருந்த இடத்திலிருந்தே எந்த வால்வு என்று சொல்வார். புதிதாக வருகிறவர்களுக்கு, இங்கே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் வைக்காதீர்கள் என்று புத்தியும் சொல்வார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எழுத்தாளர்கள் இந்த இடத்தில் 'காத்திருப்பு' என்று ஒரு பெரிய சொல்லைத் தூக்கி வைப்பார்கள். நானாவைக் கேட்டால், வேலை இருந்தது, செய்தேன் என்பார்.)

3

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அந்தப் பாத்திரம் நான்தான்.

போன வருடம் எங்கள் மாவட்டத்துப் புத்தளம் டவுனில் ஒருநாள் பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். பகல் சாப்பாடும் ஒரு ஃபைலும் தந்தார்கள், கூடவே இந்த ஐந்து வருடத் தத்துவத்தையும் தந்தார்கள். திரும்பி வந்து அதை ஹயாத்து நானாவின் காதில் தினமும் ஓதினேன். ஒரே இடத்தில் கிடந்தால் மனிதன் முன்னேற மாட்டான் என்றேன். ஆறு வருடமாக ஒரே டெலிபோனைத் தூக்கிக்கொண்டிருந்த நான்தான், வெட்கமில்லாமல்.

மன்னாரில், அவருடைய ஊரில், புதிதாக ஓர் ஐஸ் கொம்பனி திறக்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் சுப்பவைசர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று ஒருநாள் நானா வந்து சொன்னார். அவரைவிட எனக்குத்தான் சந்தோசம். ஏனென்றால் [இந்த வரியை மூன்று தரம் வெட்டினேன்] அவருடைய இடம் எனக்கு என்று முதலாளி செய்னுலாப்தீன் ஹாஜியார் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பிரியாவிடையை ஜோராகச் செய்தோம். சஹனில் புரியாணி, ஆறு பேருக்கு ஒரு தட்டு. வாழ்த்துப்பா என் கைவண்ணம், பிறேம் போட்டுக் கொடுத்தோம். 'ஐஸ்போல் குளிர்ந்த அகத்தோனே, அன்பால் உருகும் முகத்தோனே.' சிரிக்காதீர்கள், மனிதர் அழுதார். ஹயாத்து இல்லாத கொம்பனியை நினைத்தே பார்க்க முடியவில்லை என்றார் ஹாஜியார். மறுநாள் நினைத்துப் பார்க்க நன்றாகவே முடிந்தது. கதிரையில் நான் இருந்தேன். என் டெலிபோனுக்கு ஹாஜியாரின் மருமகள் ஸுஹைரா வந்துவிட்டாள்.

4

பதினோராம் நாள் காலை ஹயாத்து நானா வாசலில் நிற்கிறார்.

அங்கே அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் சொன்ன காரணத்தை நானா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "'நீங்க புத்தளத்தார்தானே, முதல்ல ஊராக்களுக்குத்தானே குடுக்கணும்' எண்டுறான்."

இருபத்தைந்து வருடமாக இங்கே அவரை அகதி என்றுதான் சொன்னோம். [முதலில் 'சொன்னார்கள்' என்று எழுதியிருந்தேன். திருத்தினேன்.]

பிறகு என் கதிரையைப் பார்த்தார். அவருடைய கதிரையை. இந்த இடத்தில் எந்தச் சொல் சரி என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் எங்க இரிக்க, தங்கச்சி?"

ஹாஜியாரிடம் கேளுங்கள் என்றேன். அவர் கேட்டுவிட்டு வந்ததும் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதனை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று கவலைப்பட்டார். எனக்கும் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றும் கவலைப்பட்டார். கவலைப்படுவதில் ஹாஜியாரை அடிக்க ஆளில்லை. கடைசியில், "இடம் ஒண்டுதான் இரிக்கி. ஆருக்கெண்டு நீங்களே கடிதத்த எழுதிட்டு வாங்க மகள், நான் சைன் வெக்கிறன்" என்றார். எங்கள் இருவரில் பெயர் வராதவர், வேலையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானாவிடம் அவர் சொன்னது, நிஃப்லா கடிதம் எழுதுகிறாள், வெளியே இருங்கள் என்பது மட்டும்.

5

முடிவு (அ): நான் எழும்பி, கதிரையைத் துடைத்து, இருங்க நானா என்கிறேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. பரிசு கிடைக்கக்கூடிய முடிவு. ஆனால் நான் எழும்பவில்லை.

முடிவு (ஆ): மெஷின் பழுதாகிறது, நானாவைத் தவிர யாராலும் திருத்த முடியாது, ஹாஜியார் ஓடிவந்து... இதை எழுதிவிட்டு ஒரு மணித்தியாலம் மெஷினையே கேட்டுக்கொண்டிருந்தேன். சனியன், ஒழுங்காக ஓடுகிறது.

முடிவு (இ): நானா தானாகவே எழும்பிப் போய்விடுகிறார். யார் மேலும் குற்றமில்லை. எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். பிடித்ததை நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது.

ஒன்றும் சரிவராததால், முடிவை வாசகரிடமே விட்டுவிடலாம் என்று யோசித்தேன். இலக்கியத்தில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஹாஜியாரும் அதைத்தான் செய்தார், அவர் வாழ்நாளில் ஒரு கதையும் வாசித்ததில்லை.

6

நானா வாசலுக்கு வந்து இன்று மூன்றாம் நாள். ஹாஜியார் கேட்ட கடிதம் நான்கு வரி. நான் எழுதியிருப்பது இவ்வளவு.

சற்று முன் நானா வாங்கிலிருந்து எழும்பி வந்தார். உள்ளே வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மேசையில் குவிந்திருந்த தாள்களைப் பார்த்தார்.

"மூணு நாளா விடாம எழுதுறீங்க தங்கச்சி," என்றார். "என்ட கடிதத்துக்கு இவ்வளவு மினக்கெட வேணாம். சுருக்கமா எழுதினாப் போதும்."

ஓம் நானா, முடியப் போகுது என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் இருந்தார்.

ஒரு வெற்றுத் தாளை எடுத்தேன். இந்தாருங்கள் கடிதம்:

'எமது கொம்பனியின் சுப்பவைசர் பதவிக்கு ................ அவர்களை இன்று முதல் நிரந்தரமாக நியமிக்கிறேன்.'

பெயரை நீங்களே போடுங்கள். என் பெயரைப் போட்டாலும் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.