எல்லாம் சாப்பிடலாம்

டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னதைப் பஞ்சவர்ணம் திரும்பவும் கேட்டாள். வெண்ணெயுமா? வெண்ணெயும்தான். நெய், தேங்காய், கறிக்கொழுப்பு? அவருக்கு எது பிடிக்குமோ கொடுங்கள், இனிமேல் பத்தியம் வேண்டாம் என்றார் டாக்டர், ஸ்கேன் படத்தை உறைக்குள் தள்ளியபடி. நுரையீரலில் தொடங்கிய கட்டி எலும்புவரை போய்விட்டது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அப்போதுகூட அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. வெண்ணெயும் கொடுக்கலாம் என்றபோது மீதியும் புரிந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் லிங்கப்பனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உறைகிற கொழுப்பு ரத்தக்குழாய்க்கு ஆகாது. வெண்ணெய், நெய், வனஸ்பதி, பாமாயிலில் பொரித்தது எல்லாவற்றையும் குறையுங்கள், கடலையெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ அளவாக ஊற்றுங்கள் என்றார்கள். குறைக்கச் சொன்னதை அவள் அடியோடு நிறுத்தினாள். மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், ஒருநாள் சாயந்திரம் சட்டையில் பப்ஸ் தூளோடு வந்து நின்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்த இதயம் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டரே சொன்னார்.

வெளியே பெஞ்சில் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருமலும் முதுகுவலியும் மாத்திரையில் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

"எல்லாம் சாப்பிடலாம்னுட்டாங்க."

"பாத்தியா! என்ற ஹார்ட்டு சரியாப் போச்சுன்னு நாஞ் சொன்னனே!"

ஆஸ்பத்திரி வாசலிலேயே சாமராஜநகரில் இருக்கும் மகள் மாதேவிக்குப் போன் போட்டுச் சொன்னான். பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

மறுநாள் காலை தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டாள். வாசம் எழுந்ததும் அவன் அடுக்களைக்கே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். முதல் வாய்க்குக் கண்ணை மூடினான். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"போதும் புள்ள."

"இன்னுங் கொஞ்சமுங்க. இந்தத் துண்டு மட்டும்." தோசைமேல் இன்னொரு உருண்டை வெண்ணெய் வைத்தாள்.

அவன் அந்த வெண்ணெயையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எண்ணெயக் கரண்டியில அளந்து ஊத்துனவ நீ. இன்னைக்குத் திங்கச் சொல்லிக் கெஞ்சற. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

கல்லில் கிடந்த தோசை கருகத் தொடங்கியது. அவள் கையில் தோசைத்திருப்பி இருந்தது. திருப்பவில்லை.

அவன் மறுபடி கேட்கவில்லை. வெகுநேரம் இருமினான். மூச்சு அடங்கியதும் அடுப்பை அணைக்கச் சொன்னான். தட்டை மடியில் இழுத்து, வெண்ணெய் ஊறிய நடுப்பகுதியாகப் பார்த்துப் பிய்த்து அவள் பக்கம் நீட்டினான்.

"அன்னைக்கு எனக்குத்தான் வேண்டாம்னாங்க. நீயும் என்னோட சேந்து மூணு வருசமா வாயக் கட்டிட்ட. உக்காரு. தின்னு."

எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தாள். மெல்ல முடியாமல் மென்றாள். உருகிய வெண்ணெய் அவன் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்காமல் அடுத்த துண்டைப் பிய்த்தான்.